வீட்டுக்குள் விழுந்த முட்டை

"புழுக்களே, வெளியே வாங்க!"

அரசாங்கத்தைக் குறை சொல்கிறவர்களுக்கு அந்த நாட்டில் புழு என்று பெயர். ஒலிபெருக்கியில் முதல் குரல் செனாய்தாவுடையது. தெருக் கமிட்டித் தலைவி என்றால் சும்மாவா?

ஓஃபெலியா முன் ஜன்னலின் மரக்கதவை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தாள். காமகுவே நகரத்தின் அந்தச் சின்னத் தெரு முழுக்க ஆட்கள். பாதிப் பேர் தெரிந்த முகம். மீதிப் பேரைத் தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். வராதவர் பெயரை மேஸ்திரி குறித்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். ஓஃபெலியாவின் புருஷன் அர்செனியோ, ஊரில் கண்டதைக் கண்டபடி தட்டச்சில் அடித்து நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்தவன். அதற்கு ஆறு வருஷம் சிறை. துணிந்து எழுதினான் என்று இன்றைக்கு வெளிநாட்டில் ஒரு சபை அவனுக்கு விருது கொடுக்கிறது. அங்கே மரியாதை செய்தால் இங்கேயும் செய்ய வேண்டாமா? அரசாங்கம் முறை தவறாது.

விருது ஓஃபெலியாவின் மனதில் ஏறவே இல்லை. அர்செனியோ சிறையில் சில கோரிக்கைகளை வைத்து, மற்றக் கைதிகளோடு சாப்பிட மறுத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. ஆள் இருக்கிறானா, போய்விட்டானா? சிறை வாசலில் மூன்று தடவை விரட்டிவிட்டார்கள். தெருவின் இரண்டு முனையிலும் காவல். ஒரு துண்டுச் சீட்டுகூட இந்த வீட்டுக்குள் வர முடியாது.

மகள் லிசெத் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து அவளை நீக்கி ஒரு வருஷமாகிறது.

"அம்மா, முட்டை இறக்கறாங்க பாரு. ரேஷன் கடையில ரெண்டு மாசமாக் கண்ணுல காணோம். நம்ம மேல எறியறதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"மெதுவாப் பேசு."

வெளியே, மடிப்புக் கலையாத சட்டை போட்ட அதிகாரி கையைத் தட்டினார்.

"ஆளுக்கு ரெண்டு. எறியறதுக்கு மட்டும்தான்! எவனாவது பையில போட்டுக்கிட்டுப் போனான்னா நடக்கறதே வேற!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டு முட்டை பைக்குள் போய்விட்டது.

மிச்சம் கதவிலும் சுவரிலும் விழுந்து வழிந்தது. செனாய்தாவுக்குத் திருப்தியில்லை.

"என்னய்யா எறியறீங்க, பூ தூவற மாதிரி? நாட்டை வித்துத் தின்னவன் பொண்டாட்டி உள்ளே சொகுசா உட்கார்ந்திருக்கா! ஏண்டி ஓஃபெலியா, வெட்கம் மானம் இல்லையாடி உனக்கு?"

லிசெத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"இவதானே எனக்கு ஞானத்தாய்? ஞானஸ்நானத்துக்குக் கோயில்ல என்னை ஏந்திக்கிட்டு நின்ன கை இதுதானே?"

"பாவம், பயத்துல செய்யறா."

"பயந்தவங்க முணுமுணுப்பாங்கம்மா. இவ அலர்றா."

ஓஃபெலியா போன வாரம் ரொட்டி வரிசையில் நின்றபோது செனாய்தாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முப்பது வருஷ சிநேகிதம். இரவெல்லாம் அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

செனாய்தா ஒலிபெருக்கியை அதிகாரி கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். ஜன்னல் கதவைப் படாரென்று தள்ளித் திறந்தாள்.

"தூரத்துலேர்ந்து எறிஞ்சா உங்களுக்கு உறைக்காதுடி!"

லிசெத் அடுப்படிக்கு ஓடி, கொதித்துக்கொண்டிருந்த காப்பித் தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கி வந்தாள்.

"தள்ளும்மா! மூஞ்சி வெந்து போகட்டும்!"

"வேண்டாம்டி! உன்னையும் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க!"

ஓஃபெலியா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். தண்ணீர் தளும்பி ஓஃபெலியாவின் கையிலேயே கொட்டியது. அந்த நேரத்தில் கம்பிக்குள் கையை விட்டு, ஓங்கி எறிந்தாள் செனாய்தா. முட்டை கூடத்துச் சுவரில் பட்டு நொறுங்கியது.

தெரு கைதட்டியது. "பார்த்தீங்களா? இதுதான் எறியறது!" என்று அதிகாரி மற்றவர்களைக் கடிந்துகொண்டார்.

அரை மணியில் லாரி கிளம்பிவிட்டது. கூட்டம் கலைந்தது.

"வீட்டுக்குள்ளேயே எறிஞ்சிட்டாளே பாவி," என்று முனகியபடி லிசெத் ஈரத்துணியோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"அம்மா, கறையே இல்லையே!"

மஞ்சள் கருவும் இல்லை, வெள்ளைக் கருவும் இல்லை. கீழே வெறும் ஓடு. ஒரு சில்லில் ஓட்டை போட்டு மெழுகால் அடைத்த தடம். ஓடுகளுக்கு நடுவே, நூலால் கட்டிய ஒரு சிகரெட் தாள் சுருள்.

ஓஃபெலியா வெந்த கையாலேயே அதைப் பிரித்தாள். அர்செனியோவின் கையெழுத்து, எறும்பு எறும்பாக.

'எங்கள் கோரிக்கையில் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். நேற்றிலிருந்து சாப்பிடுகிறேன். இருக்கிறேன், பயப்படாதே. எனக்கு விருதாமே? சோப்பாகக் கொடுத்தால் உபயோகமாக இருக்கும் என்று சொல்.'

ஓஃபெலியா தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். லிசெத் சுருளை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் வேறு ஒரு கையெழுத்து.

'ஓஃபெலியா, என் வீட்டுக்காரர் வியாழக்கிழமை மறுபடியும் சிறைக்கு ரொட்டி வண்டி ஓட்டிட்டுப் போறாரு. பதில் எழுதிக் கரித்துணிக்குள்ள சுருட்டி வை. நாளைக்கு இதைவிடக் கேவலமாத் திட்டுவேன். பொறுக்க முடியாத மாதிரி, அந்தத் துணியை ஜன்னல் வழியா என் மூஞ்சியிலேயே விட்டெறி.'