அழித்து எழுதிய விடை

"உங்க பொண்ணு வகுப்புல போடுற கணக்கெல்லாம் சரியா இருக்கு. வாரா வாரம் குடுக்கிற வீட்டுப்பாடத்துலதான் தப்பு," என்றார் டீச்சர்.

அப்பா, அம்மாவின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? தினம் சாயங்காலம் நீ சொல்லிக்குடுக்கிற லட்சணம்! ஞாயித்துக்கிழமை நான் உக்காந்து திருத்தியும் இந்தக் கதி!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் மகளை அழைத்து, தப்பான கணக்கு ஒன்றைப் போர்டில் போடச் சொன்னார். மளமளவென்று சரியாகப் போட்டாள்.

"அப்புறம் ஏம்மா நோட்டுல தப்பா எழுதுற?"

மகள் டீச்சரின் காதோரம் கையைக் குவித்தாள்.

"முதல்ல சரியாத்தான் எழுதுவேன் மிஸ். அப்பாதான் தப்புன்னு மாத்தச் சொல்வாங்க."

"இதுதான் சரின்னு அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எதிர்த்துப் பேசினா, 'எல்லாம் நீ குடுக்கிற செல்லம்'னு அம்மாவைத்தான் திட்டுவாங்க. எனக்கு மார்க் போனாப் பரவாயில்ல மிஸ்."

பள்ளி விட்டுக் காலியாகக் கிடந்த வகுப்பறையில் அந்த ரகசியம் எல்லோருக்கும் கேட்டது. குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் அப்பா இன்னும் குறுகிப்போனார்.

அம்மா மட்டும் ஒன்றுமே காதில் விழாதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.