பிஸ்கட் டப்பாவும் கார் சாவியும்

"பிஸ்கட் டப்பாவை எதுக்கு எடுத்த?"

வில்ஃப் டாட்ஸ் போட்ட சத்தத்தில் தெருவில் பாதி ஜன்னல் திறந்தது. அவர் மனைவி ஓட்ரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாசலில் கார் பத்திரமாக நின்றது. ஆனால் டிக்கி 'ஆ'வென்று திறந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த இரண்டு லீக்ஸைக் காணோம்.

லீக்ஸ் என்றால் வெங்காயத்தாளுக்கு அண்ணன். போட்டிக்கு வளர்ப்பது தொடைப் பருமன் இருக்கும். இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்தில் அதற்குப் போட்டி வைத்தே மண்டை உடையும். இருபது வருஷமாகக் கோப்பை பக்கத்துத் தோட்டத்து ஸ்டானுக்கு, இரண்டாம் பரிசு வில்ஃபுக்கு. இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான் என்று மனுஷன் இரண்டு நாளாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தார். பத்து மணிக்குள் போட்டி மேஜையில் வைத்தாக வேண்டும். இப்போதே ஒன்பது.

"போட்டி மண்டபத்துல டீக்குக் கொடுக்க டப்பாவுல ஷார்ட்பிரெட் பிஸ்கட் போட்டேன் வில்ஃப். சாவியை எடுத்து வாசப்பக்கம் வச்சேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? சாவி தகர டப்பாவுக்குள்ள இருந்தா அதோட சிக்னல் வெளிய போகாதுன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? நான் குளிக்கப் போன நேரமாப் பார்த்து எவனோ கதவுகிட்ட ஒரு கருவியைக் காட்டிச் சிக்னலை இழுத்துட்டான். சாவியே வந்துடுச்சுன்னு நினைச்சு காரும் திறந்துக்குச்சு."

ஸ்டியரிங்குக்குத் தனிப் பூட்டு, வாசலுக்கு இரும்புத் தூண் என்று இத்தனை கட்டுக்காவல் போட்டவர் அவர். எல்லாம் தன்னால் பாழாய்ப் போனதே என்று ஓட்ரி அழுதாள்.

கான்ஸ்டபிள் ஹெப்பிள் வந்ததும் வில்ஃப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கோங்கம்மா. பிள்ளை மாதிரி ஊட்டி வளர்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அடுத்தவன் உழைப்பைத் திருடுறவன் கை விளங்குமா?"

"விளங்காதுதான்" என்று எழுதிக்கொண்டாள் ஹெப்பிள். "ஆனா காரை விட்டுட்டுக் காய்கறியைத் தூக்கிட்டுப் போற திருடனை இப்பதான் பார்க்கிறேன்."

"தப்பு என்னோடதுதாங்க" என்றாள் ஓட்ரி. "இவர் எல்லாம் சரியாத்தான் பூட்டி வச்சார்."

ஹெப்பிள் டிக்கியில் கிடந்த கம்பளியை எடுத்து உதறினாள். ஒரு பழைய தொப்பி விழுந்தது. அதில் ஒரு காகிதம் குத்தி வைத்திருந்தது. அதை உரக்கப் படித்தாள்.

"வில்ஃப், நாப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவனுக்கு உன் கார் எம்மாத்திரம்? அது எனக்கு வேணாம், நீயே வச்சுக்கோ. என் லீக்ஸ் ரெண்டையும் எடுத்துக்கிட்டேன். வியாழக்கிழமை என் தோட்டத்துல அதைப் பிடுங்கினப்ப நீ விட்டுட்டுப் போன தொப்பி இதோ. இப்படிக்கு, ஸ்டான்."