மூன்றாம் ஓலை

"இன்னைக்கு மூணாவது கல்யாண ஓலை, சாமி. அதை வாசிக்காதீக. இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பூசை உடுப்பை மாட்டிக்கொண்டிருந்த பங்குத்தந்தை பெஞ்சமின், சலேத்மேரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒம் மக கிறிஸ்டிதான ஆசைப்படுதா? பெலிக்ஸ் எங்க அண்ணன் மகன். அவன்ட்ட என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"பெறகு? தடை இருந்தா நீயே சபையில எந்திச்சுச் சொல்லு."

"சொன்னா நீங்க பிஷப்பாக முடியுமா? எம் மகதான் வெளிய தலைகாட்ட முடியுமா?"

மணி அடித்தது. அவர் பீடத்துக்குப் போய்விட்டார்.

பூசை முடிவில் ஓலையை வாசித்தார். "பெலிக்ஸ், கிறிஸ்டி இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

வெளியே குற்றாலச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சலேத்மேரியும் எழவில்லை.

வாசலில் பெஞ்சமினின் அண்ணன் ஏசுதாசன் அவளிடம் வந்தார்.

"கவலைப்படாதம்மா. கிறிஸ்டிய மருமகளா நெனைக்க மாட்டோம். எங்க மகளாத்தான் பாப்போம்."

"அவ உங்களுக்கு மகதான், அண்ணாச்சி." அவளுக்கு அழுகை முட்டியது.

பெற்றவளின் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் சிரித்தார்.

அங்கே வந்த பெஞ்சமினிடம் ஆசீர்வாதம் கேட்டு கிறிஸ்டி குனிந்து நின்றாள். பெஞ்சமின் தன் மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.