பார்க்க வந்தவர்

மருந்துக்கடைக்காரர் கேலரியின் சிமெண்டுப் படியில் கைக்குட்டையை விரித்தார். அதன் மேல் செய்தித்தாளை விரித்தார். அதற்கும் மேல் தன்னைப் பத்திரமாக இறக்கி வைத்தார்.

மனைவி ஆடும் வாலிபால் மேட்சைப் பார்க்க வந்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

இந்தத் தியாகத்தை ஒரு வாரமாகக் கடையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இருமல் மருந்துக்கு வந்தவர்கள்கூட இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். "அவளுக்கும் ஆசை இருக்கும்ல" என்று மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொல்லும்போது, சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுக்கப் போகிறவரைப் போல அவர் குரல் தழுதழுக்கும்.

ஆசை இருந்தது உண்மைதான். முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு மேட்சுக்கும் கூப்பிட்டாள். ஒரு தடவை அவருக்குத் தலைவலி. ஒரு தடவை மழை வருகிற மாதிரி இருந்தது. ஒரு தடவை காரணம் சொல்லவே மறந்துவிட்டார். அப்புறம் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பக்குவம் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேற்று, தானும் வருவதாக அவர் அறிவித்தபோது அவள் ஷூவில் நாடா கோத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் அப்படியே நின்றன. "வேண்டாங்க. வெயில் உங்களுக்கு ஒத்துக்காது" என்றாள்.

சந்தோஷத்தில் வாய் குழறுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

விசில் ஒலித்தது. முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் அணிகள். எல்லாம் பொழுதுபோகாமல் குதிக்கிற கூட்டம் என்பது அவர் கணிப்பு. ஆரம்பத்தில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம் கை தட்டினால் போதும் என்று முடிவு செய்திருந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து இடி மாதிரி வந்தது. அவர் மனைவி வலைக்கு மேலே எழும்பி, இரண்டு கைகளையும் நீட்டினாள். பந்து வந்த வழியே திரும்பிப் போய் விழுந்தது.

கேலரியே எழுந்தது. "சுவரு, சுவரு" என்று கத்தினார்கள்.

எந்தச் சுவர் இடிந்தது என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். கேப்டனின் கணவர், பஸ் டிரைவர். காலடியில் இரண்டு கேன் தண்ணீர், ஒரு பை ஐஸ். "புதுசா வர்றீங்களா சார்? அந்த ஏழாம் நம்பர்தான் எங்க சுவரு. அவங்களைத் தாண்டிப் பந்து போகாது."

வீட்டில் அந்த ஏழாம் நம்பர் பேச வாயெடுத்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவது வழக்கம்.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க நிலைமை வேற யாருக்கும் வரக்கூடாது சார். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. கல்யாணமான ரெண்டாவது வருஷமே முதுகெலும்பு போயிடுச்சாம். அவருக்கு எல்லாம் செஞ்சு முடிச்சிட்டுத்தான் பிராக்டிஸுக்கு வருவாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

மருந்துக்கடைக்காரருக்கு முதலில் தொழில் புத்திதான் முந்திக்கொண்டது. எந்த எலும்பு, என்ன மாத்திரை, படுக்கைப் புண்ணுக்கு என்ன தடவுகிறார்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

எதிரணி மூன்று பாயிண்ட் எடுத்த பிறகுதான் விஷயம் தலைக்கு ஏறியது.

"பார்க்க வர்றோம்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. அவருக்குக் கூச்சமாம், யாரையும் பார்க்க மாட்டாராம்" என்ற டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "ஆமா, ஏழாம் நம்பரையே பார்த்துக்கிட்டிருக்கீங்களே, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

கீழே, சர்வீஸ் போடப் பந்தோடு நின்றவள் கேலரியைப் பார்த்தாள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்று பார்த்து நிற்கிற முகம். அந்த முகத்தை அவர் வீட்டில் பார்த்ததில்லை. வீட்டில் எந்த முகத்தைப் பார்த்தோம் என்று யோசித்தார். அதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"பக்கத்து வீடு" என்றார்.

அவள் அடித்த பந்து வலையில் முட்டிக் கீழே விழுந்தது.

"என்னாச்சு இவங்களுக்கு" என்றார் டிரைவர்.

ஆனாலும் ஜெயித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்ற சேதி அணி முழுக்கப் பரவிவிட்டது. கேப்டன் ஓடிப்போய்ப் பழம் வாங்கிவந்து, பையை அவர் கையில் திணித்தாள். "அவர்கிட்ட குடுத்திருங்க. நீங்களாவது அப்பப்ப எட்டிப் பாருங்க சார்" என்றாள். ஒரே பக்கம் போகிறவர்கள் என்று இருவரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றியும் விட்டார்கள்.

பஸ் நான்கு ஸ்டாப் தாண்டியது.

கோபமாகக் கேட்க அவரிடம் ஆறேழு கேள்விகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளேயே வைத்துவிட்டார்.

பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அதுவும் தனக்குத் தெரியாது என்பது சாறு சட்டையில் தெறித்தபோது தெரிந்தது. பிய்ந்துபோன சுளையொன்றை அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள்.

"அவர் எப்படி இருக்கார்னு கேட்டிருப்பாங்களே" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. "என்ன சொன்னீங்க?"

"இன்னைக்குத்தான் எழுந்து உக்காந்தார்னு சொன்னேன்."