வாய் ஓயாத ஒரு மாதம்

ஸ்பானிஷ் பேசக் கற்பதற்காக வெளிநாட்டில் ஒரு வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்த விற்பனை அதிகாரி, அலுவலகத்தில் மற்றவர்களைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“புஸ்தகம் படிச்சா பாஷை வராதுய்யா. அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. அவங்களோட நாள் முழுக்க வாய் ஓயாம பேசினேன்.”

இரண்டு மொழியும் பேசுகிறவருக்குத்தான் அந்த ஊர்க் கிளைப் பொறுப்பு என்றிருந்தார் முதலாளி.

“அந்தம்மாவையே கூப்பிடுங்க. நீங்க பேசறதைக் கேப்போம்.”

தப்பிக்க வழியில்லை. அழைத்தார். ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது குரல்.

“என்ன தம்பி, ஊர் போய்ச் சேந்தியா? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? மெத்தையெல்லாம் நாறுது.”

முதலாளி போனை வாங்கிக்கொண்டார்.

“அம்மா, தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?”

“இவன்கிட்டதான். இவன் வாயில வேற பாஷை வந்தாத்தானே?”

“எங்க கிளையை நீங்க பாத்துக்கறீங்களா?”