பிடித்து அடைக்கச் சொன்ன அக்கா

“என்ர தம்பியைப் பிடிச்சு அடைக்கச் சொல்லுங்கோ, அண்ணை.”

சூசையின் கையிலிருந்த மொப் நழுவியது. சிட்னிப் பொலிஸ் நிலையமொன்றில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தவனை, “உன் நாட்டு ஆள் மாதிரி இருக்கு, இவளுக்கு என்ன வேணும் என்று கேள்” என்று சார்ஜன்ட் இழுத்துவிட்டிருந்தார். கவுண்டருக்கு முன்னால், சேலை கட்டிய அன்னமலர் கதிரையில் இருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி டெஸ்மன்ட்.

“என்ன செய்தவர், தங்கச்சி?”

“ஆம்பிளையளோட சேருறவன். சட்டத்தில அதுக்குப் பதினாலு வருஷம்.”

அது 1983. சட்டம் அப்படித்தான் இருந்தது.

“ஓம் அண்ணை, உண்மைதான்,” என்றான் டெஸ்மன்ட், கடையில் பாண் கேட்பவனைப் போல.

சூசை அன்னமலரை முறைத்தான். கூடப்பிறந்தவளே கொண்டுவந்து குடுக்கிறாளே, இவளும் ஒரு அக்காவோ? அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வாளி, சோப்பு, ரொய்லெற். அதை வைத்தே பெடியனைக் காப்பாற்றப் பார்த்தான்.

“சேர், பெடியன் கொஞ்சம் குடிக்கிறானாம். நாலு ஏச்சு ஏசி அனுப்பட்டாம்.”

“குறைக்காதேங்கோ அண்ணை. நான் சொன்னதைச் சொல்லுங்கோ.”

முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள், சண்டாளி. சூசை கண்ணை மூடிக்கொண்டு, பாதி வாயாலும் பாதி கையாலும் சொல்லி முடித்தான். சார்ஜன்டின் கழுத்து பீட்ரூட் நிறமானது.

“சாட்சி இருக்கா என்று கேள்.”

“போன சனிக்கிழமை பொலிஸ்காரர் இவையள் கூடுற பாரின்ர கதவை உடைச்சுக்கொண்டு வந்து, முப்பது பேரைச் சுவரோட நிப்பாட்டி அடிச்சவை. அப்ப சாட்சி கேட்டவையோ? இண்டைக்கு ஆளே தானா வந்து நிக்கிறான். அடைக்கட்டும். இல்லாட்டி நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டன்.”

சார்ஜன்ட் நெற்றியைத் துடைத்தார். “சாட்சியில்லாமல் கொண்டுபோனால் நீதவான் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார். கூட்டிக்கொண்டு போகச் சொல்லு.”

“போறன். ஆனா சும்மா போகமாட்டன். ஒப்புக்கொண்டும் பிடிக்கேல்லை எண்டு எழுதித் தரட்டும்.”

“எழுதிக் குடுத்தால் போயிடுவாவாம், சேர்,” என்று சூசை கெஞ்சினான். பெடியன் தப்பினால் போதும் அவனுக்கு.

சார்ஜன்ட் எழுதினார்: ‘டெஸ்மன்ட் ஆண்களோடு சேர்வதாகத் தானாக வந்து ஒப்புக்கொண்டார். வழக்குப் போட ஒன்றுமில்லை.’ கையெழுத்து, முத்திரை.

அன்னமலர் கடுதாசியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி தம்பியுடன் வெளியேறினாள். வீட்டில் பெடியன் என்ன பாடு படப்போகிறானோ என்று, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லச் சூசை பின்னால் ஓடினான்.

வாசற்படியில் மிச்ச இருபத்தொன்பது பெடியன்களும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவனின் கையையும் ஒரு கிரேக்கத் தாயோ, இத்தாலிய அக்காவோ, லெபனான் மாமியோ பிடித்திருந்தாள். அன்னமலர் கடுதாசியை உயர்த்திக் காட்டினாள். பிறகு தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷில் சொன்னாள்:

“அடுத்தமுறை பொலிஸ் பாருக்குள் வந்தால் முகத்துக்கு நேரே நீட்ட, இதைப்போல ஆளுக்கொரு கடுதாசி வாங்கிவிடுங்கள். ஆனால் சார்ஜன்ட் கையெழுத்து வைக்கும்வரை உங்களில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.”