மீந்துபோன மாத்திரைகள்

நூலகத்தில் அன்று, வீடுகளில் மீந்த பழைய மருந்துகளைப் பாதுகாப்பாக அழிப்பதற்காகச் சேகரித்தார்கள். மதிய வெயில் மேசைகளின் மேல் சோம்பலாய்ப் படுத்திருந்தது. ஓர் அம்மா பை நிறைய மாத்திரை அட்டைகளை நீட்டினார்.

"எல்லாமே தூக்க மாத்திரையா இருக்கேம்மா! எக்ஸ்பைரிகூட ஆகலையே?" என்றார் நூலகர்.

"எங்க வீட்டுக்காரரோடது. ரிட்டையர் ஆனதிலேருந்து பொட்டுத் தூக்கம் கிடையாது, பாவம். இனிமே அவருக்கு இது தேவைப்படாது."

நூலகரின் குரல் தழைந்தது. "அடடா... எப்பம்மா?"

"நீங்க புதுசா சாய்வு நாற்காலி போட்டீங்களே, அன்னியிலேருந்து!"

அந்த அம்மா காட்டிய மூலையில், 'இங்கே தூங்கக் கூடாது' என்று நூலகர் தினமும் தட்டி எழுப்பும் பெரியவர், நெஞ்சின் மேல் தடித்த புத்தகம் ஏறி இறங்க, உறங்கிக்கொண்டிருந்தார்.

நூலகர் எழுந்து போனார். பெரியவர் முகத்தில் விழுந்த வெயில் மறையும்படி, ஓசைப்படாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.